ரொட்டி ஒத்துக்கொள்ளாத வயிறு



விடியுமுன் எழும்பி, கோதுமை மாவில் ரொட்டி தட்டி, சம்பலோடு கட்டிக்கொண்டு மலைக்குப் போகிறவர்கள் நாங்கள். எங்களில் அநேகம் பேருக்கு அந்த ரொட்டியால் கெடுதல் இல்லை. ஆனால் சிலருடைய உடம்பு கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தை ஏற்காது. சாப்பிடச் சாப்பிடச் சிறுகுடலின் உட்சுவர் பழுதாகி, தின்றது உடம்பில் ஒட்டாது. இதுதான் சீலியாக் நோய்.

மாதக்கணக்கில் வயிற்றோட்டம், வயிறு ஊதுதல், இளைத்துப்போதல், இரும்புக் குளிசை குடித்தும் தீராத இரத்தச்சோகை ஆகியவை இதன் அடையாளங்கள். பிள்ளைகள் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாமல் இருப்பார்கள். வேறு நோய்களிலும் இவை வரும். அதனால்தான் பூச்சி மருந்தோடு நிறுத்திவிடாமல் சோதித்துப் பார்க்கக் கேட்க வேண்டும். முதலில் இரத்தப் பரிசோதனை. பிறகு வாய் வழியாகக் குழாய்க் கமரா விட்டு, குடலிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்ப்பார்கள். சோதனை முடியும்வரை ரொட்டியை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் நோய் பிடிபடாமல் போகலாம்.

சீலியாக் உள்ளவர்களில் மிகச் சிலருக்கு, பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, சிறுகுடலில் லிம்போமா என்ற வகைப் புற்றுநோய் வரலாம். கோதுமையை விட்டுத் தேறியிருந்தவர் மறுபடி இளைக்கிறாரா? வயிற்று வலி, காய்ச்சல், இராத்திரியில் உடுப்பு நனைய வியர்வை இருக்கிறதா? "கள்ளமாய் ரொட்டி தின்றிருப்பாய்" என்று ஏசிவிட்டு இருந்துவிடாதீர்கள். உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். சீலியாக்குக்குச் செய்த இரத்தப் பரிசோதனை இந்தப் புற்றுநோயைக் காட்டாது. ஸ்கேன் எடுத்து, குடல் துண்டைச் சோதித்தால்தான் நிச்சயமாகும். சிலருக்குச் சீலியாக் இருந்ததே அப்போதுதான் தெரியவரும். திடீரென்று கடும் வயிற்று வலியும் விடாத வாந்தியும் வந்தால் குடல் அடைபட்டோ ஓட்டை விழுந்தோ இருக்கலாம். விடியட்டும் என்று லயத்தில் வைத்திருக்காமல் அந்த இரவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

சீலியாக் என்று உறுதியானால் ரொட்டி, பாண், ரவை, நூடில்ஸ், பார்லி எல்லாவற்றையும் வாழ்நாள் முழுக்க விட வேண்டும். சோறு, குரக்கன், சோளம், கிழங்கு சாப்பிடலாம். இந்தப் பத்தியம் குடலை ஆற்றும், புற்றுநோய் வரும் ஆபத்தையும் குறைக்கும்.

ஒரு நாள் பேர் போய்விடுமே என்று பயந்துதான் எங்கள் பெண்கள் கிளினிக்கைத் தள்ளிப்போடுகிறார்கள். சோதனைக்குப் போகும் நாளுக்குச் சம்பளம் வெட்டக் கூடாது என்று நிர்வாகத்திடம் நாங்கள் சேர்ந்து கேட்போம். தனியாகப் போகத் தயங்குகிறவர்களோடு தலைவரோ மாதர் தலைவியோ கூடப் போகட்டும். நோயை மறைத்து வேலை செய்யும் நிலை எங்கள் லயங்களில் யாருக்கும் வேண்டாம்.