ஜப்பானிலும் ஒரு ‘ங்க’ உண்டு

(புதுச்சத்திரம் பட்டிமன்றம். தலைப்பு: பிறமொழியைச் செம்மையாகக் கற்றுத் தருவது வகுப்பறையா? வாழ்க்கையா? ‘வாழ்க்கையே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! எதிரணியிலே உட்கார்ந்து இன்னும் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் நண்பர்களே! லாரிக்கும் முட்டைக்கும் பேர்போன நாமக்கல் சீமையிலே, இந்தப் பனியிலும் நகராமல் உட்கார்ந்திருக்கிற புதுச்சத்திரத்துப் பெருமக்களே!

எனக்கு முன்னாலே பேசிய தம்பி ஒரு போடு போட்டுவிட்டுப் போனார். என்ன போடு? “இங்கிலீஷை வேணும்னா சினிமா பார்த்துக் கத்துக்கலாம். ஜப்பான் மொழியை வகுப்பறைக்குப் போகாம கத்துக்க முடியுமா? ஹிரகானா 46 எழுத்து. கதகானா இன்னொரு 46. அதுவும் போதாதுன்னு அன்றாடப் புழக்கத்துக்குன்னு அரசாங்கம் பட்டியல் போட்ட காஞ்சி எழுத்து மட்டும் 2,136. இதை எந்த வாழ்க்கை சொல்லிக் கொடுக்கும்?” அப்படீன்னு கேட்டார். நீங்களும் கை தட்டினீங்க. காஞ்சின்னா காஞ்சிபுரம் இல்லீங்க, நாம குடிக்கிற கஞ்சியும் இல்லை. சீனாவிலிருந்து வந்த சித்திர எழுத்து. (சிரிப்பு)

நான் அந்தத் தம்பிக்கு நன்றி சொல்றேன். அவர் எடுத்துக் கொடுத்த ஜப்பான் மொழியை வைத்தே பேசப் போகிறேன். வேறு மொழி பக்கமே போவதாக இல்லை.

எழுத்துக்கு வகுப்பறை வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். அந்த நாட்டுப் பிள்ளைகளே தொடக்கப் பள்ளியின் ஆறு வருஷத்தில் 1,026 காஞ்சி படிக்கிறார்கள். ஆனால் இங்கிருந்து போகிற நம்ம பையன் மறக்கவே மறக்காமல் படிக்கிற முதல் காஞ்சி எது தெரியுமா? ‘ஹங்காகு’. அப்படீன்னா ‘பாதி விலை’! (சிரிப்பு) சாயங்காலம் ஆனால் சூப்பர் மார்க்கெட்டில் விற்காமல் மிச்சமிருக்கிற சோற்றுப் பெட்டி, வறுவல் மேலே எல்லாம் அந்த எழுத்தை ஒட்டுவான். அதை எந்த வாத்தியார் சொல்லிக் கொடுத்தார்? பசி சொல்லிக் கொடுத்தது! அதே மாதிரி நம்ம சைவப் பிள்ளை முதல் நாளே ‘நிக்கு’ என்கிற எழுத்தைப் படித்துவிடுவான். இறைச்சி என்று அர்த்தம். பாடப் புத்தகத்தில் அது எத்தனையாவது பாடமோ, வயிற்றுக்கு அதுதான் முதல் பாடம்.

சரி, எழுத்தை விடுங்க. மொழிக்கு வருவோம்.

நம்ம வீட்டில் வெளியே கிளம்புகிறவன் “போறேன்” என்று சொன்னால் என்ன நடக்கும்? ஆத்தா அடிக்க வருவாள். “போயிட்டு வாரேன்னு சொல்லுடா”ம்பாள். இந்த வழக்கம் உலகத்தில் நமக்கு மட்டும்தான் என்று நான் பல மேடையில் கேட்டிருக்கிறேன். ஜப்பானில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவன் “இத்தே கிமாஸ்” என்கிறான். ‘இத்தே’ என்றால் போய். ‘கிமாஸ்’ என்றால் வருகிறேன். சொல்லுக்குச் சொல் ‘போய் வருகிறேன்’! உள்ளே இருக்கிறவர் “இத்தே ராஷ்ஷாய்” என்கிறார். ‘போயிட்டு வாங்க’. (கைதட்டல்) திரும்பி வந்தால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே “தாதாய்மா”, இதோ வந்துவிட்டேன் என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளிருந்து “ஒகாயெரி” என்று பதில் வர வேண்டும். புத்தகத்தில் இது நாலு வரி. ஆனால் ஒரு வீட்டில் தங்கிப் பாருங்க. பதில் வராத அன்றைக்கு அந்த வீட்டில் என்னவோ மனஸ்தாபம் என்று தெரிந்துபோகும்.

சாப்பிடுவதற்கு முன்னாலே “இததாகிமாஸ்” என்பார்கள். ‘பணிவோடு பெற்றுக்கொள்கிறேன்’ என்று பொருள். சாப்பிட்டு முடித்ததும் “கொச்சிசோ சமா”. இதுக்கு அகராதியில் ‘விருந்துக்கு நன்றி’ன்னு போட்டிருக்கும். அந்தக் காஞ்சியைப் பிரித்துப் பார்த்தால் ‘ஓடி அலைதல்’ என்று இருக்கிறது! வந்த விருந்தாளிக்காக அங்கே ஓடி, இங்கே ஓடிச் சேகரித்துச் சமைத்தார்களே, அந்த அலைச்சலுக்கு மரியாதை. விருந்தோம்பல் என்று ஓர் அதிகாரமே வைத்த வள்ளுவர் கேட்டால் சந்தோஷப்படுவார். நாம பெரும்பாலும் ஏப்பம் விட்டுட்டு எழுந்து போறோம்! (பலத்த சிரிப்பு) அம்மாக்கள் பக்கமிருந்துதான் கைதட்டல் வருது, கவனிச்சீங்களா நடுவர் அவர்களே?

இப்போ இந்த மண்ணுக்கே உரிய ஒரு விஷயம் சொல்றேன். என்னிடம் பொதுத்தமிழ் படித்த மாணவி ஒருத்தி. பக்கத்துக் கிராமம். பேர் வேண்டாம், அவங்க அப்பா இந்தக் கூட்டத்திலேயே இருந்தாலும் இருப்பார். இன்றைக்கு ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். அந்த நாட்டில் நூற்றுக்கு 29 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். பார்த்துக்கொள்ள ஆள் போதவில்லை. 2021 ஜனவரியில் இந்தியாவும் ஜப்பானும் ஓர் ஒப்பந்தம் போட்ட பிறகு, இந்த மாதிரி வேலைக்குப் போகிற வழி நம்ம பிள்ளைகளுக்கும் திறந்தது. மொழித் தேர்வில் ஐந்து படி: என்-5 அடிப்படி, என்-1 உச்சி. இந்த வேலைக்கு என்-4 அளவாவது வேண்டும், அதோடு பராமரிப்பு வேலைக்கான ஜப்பானிய மொழித் தேர்வு தனியாக. அவளும் வகுப்புக்குப் போய் அதெல்லாம் எழுதித்தான் போனாள். மறைக்கவில்லை.

அந்தப் பெண் சொன்னாள்: “ஐயா, கூடப் படிச்ச பிள்ளைங்க எல்லாம் ‘மாஸ்’ எங்கே போடணும்னு அட்டவணை போட்டு மனப்பாடம் பண்ணினாங்க. நான் நம்ம ஊர்ல எங்கே ‘ங்க’ போடுவேனோ, அங்கே ‘மாஸ்’ போட்டேன். சரியா வந்துருச்சுங்க!”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பது வருஷம் இலக்கணம் நடத்தியவன் நான். “எங்க எரும கன்னு போட்டிருச்சுங்க” என்கிறோம். அந்த ‘ங்க’ எருமைக்கா மரியாதை? (சிரிப்பு) கேட்டுக்கொண்டிருக்கிறவருக்கு மரியாதை! ‘ஆசிரியர் வந்தார்’ என்றால் அந்த மரியாதை ஆசிரியருக்கு. கொங்கு நாட்டு ‘ங்க’ அப்படியில்லை. யாரைப் பற்றிப் பேசினாலும் எதிரே நிற்பவரைத்தான் கும்பிடும். ஜப்பானில் நண்பனிடம் “அமே கா ஃபுரு”. மழை பெய்யுது. பெரியவரிடம் “அமே கா ஃபுரிமாஸ்”. மழை பெய்யுதுங்க! (நீண்ட கைதட்டல்) ஒரு வித்தியாசம் உண்டு. நம்ம பக்கம் அப்பனுக்கும் ‘ங்க’ போடுகிற வீடுகள் உண்டு. அங்கே பொதுவாக வீட்டுக்குள்ளே அது இல்லை. வாசலைத் தாண்டினால் வந்துவிடும். இதையும் அவள் புத்தகத்தில் படிக்கவில்லை, பஸ்ஸில் தாயும் மகளும் பேசுவதைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

எல்லாம் நம்மைப் போலவே என்று நினைத்துவிடாதீர்கள். அவள் போன புதிதில் ஒரு மூதாட்டியை “ஒபாசான்”, பாட்டி என்று பாசமாகக் கூப்பிட்டிருக்கிறாள். மேற்பார்வை அம்மா தனியே அழைத்து, “இங்கே அவர் உன் பாட்டி இல்லை. குடும்பப் பெயரைச் சொல்லி ‘சான்’ சேர்த்துக் கூப்பிடு” என்று சொன்னார்களாம். கண்டக்டரைக்கூட அண்ணே என்கிற ஊரில் பிறந்த பிள்ளைக்கு அது கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்திருக்கும்.

வலிக்கு வருகிறேன். வகுப்பில் ‘இத்தாய்’ என்று ஒரே ஒரு சொல்: வலிக்கிறது. படுக்கையில் கிடக்கிற கிழவர் அப்படியா சொல்வார்? “சிக்குசிக்கு” என்பார், ஊசி குத்துகிற வலி. “ஜுக்கிஜுக்கி” என்பார், விண்ணுவிண்ணென்று தெறிக்கிற வலி. தலை பிளந்தால் “கங்கங்”. நாம என்ன சொல்றோம்? தலை கிறுகிறுங்குது, வயிறு கபகபங்குது, கண்ணு நமநமங்குது. நம்ம இலக்கணத்தில் இரட்டைக்கிளவி! பிரித்தால் பொருள் தராத இந்தச் சொற்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இந்த வலியா, அந்த வலியா என்று தெரிந்தால்தானே டாக்டரிடம் சொல்ல முடியும்? படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தையும் சொல்லையும் சேர்த்துப் பார்த்துத்தான் அதைப் படிக்க முடிகிறது.

ஒரு ராத்திரி. தொண்ணூறு வயது அம்மா. “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டாள் இந்தப் பெண். “தாய்ஜோபு” என்றார் அவர். அகராதிப்படி ‘நன்றாக இருக்கிறேன், ஒன்றுமில்லை’. நோட்டில் ‘நலம்’ என்று எழுதிவிட்டு அடுத்த அறைக்குப் போகலாம். இரண்டு எட்டு வைத்தவள் திரும்பி வந்துவிட்டாள். ஏன்? இங்கே அவளுடைய அம்மாயி, காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே, “எனக்கென்ன கண்ணு, நான் நல்லாத்தான் இருக்கேன்” என்று சொன்ன அதே குரல்! பிறருக்குத் தொந்தரவு தரக் கூடாது என்கிற குரல். நெற்றியைத் தொட்டால் கொதிக்கிறது. நர்ஸை அழைத்தாள். நுரையீரலில் சளி கட்டியிருந்தது. பிழைத்துக்கொண்டார். (கைதட்டல்) ‘தாய்ஜோபு’வுக்கு அன்றைக்குத்தான் எனக்கு அர்த்தம் தெரிந்தது என்றாள்.

அதே மாதிரி ‘சொத்தோ’. உடனே சொத்து எழுதிக் கொடுக்கிறார்கள் என்று ஓடாதீர்கள்! (சிரிப்பு) ‘கொஞ்சம்’ என்று அர்த்தம். நீங்கள் ஒன்று கேட்டு, அவர் “அது... சொத்தோ...” என்று இழுத்தால், முடியாது என்று பொருள். பெண் பார்க்க வந்து, பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, “ஊருக்குப் போயி லெட்டர் போடறோம்” என்று சொன்னவர்களைப் பார்த்த நமக்கா இது புரியாது?

இவ்வளவு ஒற்றுமையைப் பார்த்துத்தான் சுசுமு ஓனோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்று வாதாடினார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் சண்முகதாஸும் துணைவியார் மனோன்மணியும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள். மொழியியலார் பெரும்பாலோர் அந்த முடிவை ஏற்கவில்லை. தமிழ்ப் பேராசிரியன் என்பதற்காக நான் இங்கே அதை நிலைநாட்டப் போவதில்லை. ஆனால் அந்த மனிதர் அகராதியோடு நிற்கவில்லை. நம்ம பொங்கலைப் பார்த்தார், தன் நாட்டில் ஜனவரி 15-இல் சிவப்புப் பயறு போட்டுக் கஞ்சி காய்ச்சும் சின்னப் புத்தாண்டைப் பக்கத்தில் வைத்தார். மொழியைத் தேடி அடுப்படிக்குப் போனார், நடுவர் அவர்களே!

மறுபக்கமும் பாருங்க. 1998-இல் ‘முத்து’ படம் டோக்கியோவில் ஓடிய பிறகு, ரஜினியின் வசனத்துக்காகவே தமிழ் கற்ற ஜப்பானியர்கள் உண்டு. அவர்கள் நன்னூலையா முதலில் திறந்தார்கள்?

முட்டை ஊரில் கோழியைச் சொல்லாமல் போகக் கூடாது. தோட்டம் ‘நிவா’. கோழி ‘நிவாதோரி’. பறவையில் இரண்டு என்றால் அதுவும் ‘நிவா’! லாரியில் இரண்டு என்றால் ‘நிதாய்’. பொருளுக்குப் பொருள் எண்ணுகிற சொல் மாறும். எதிரணித் தம்பி இதைத்தான் ‘கொடுமை’ என்றார். தம்பி, நாம மட்டும் என்னவாம்? வெற்றிலையைக் கவுளியாக, வாழைப்பழத்தைச் சீப்பாக, பூவை முழமாக, மனுஷனைப் ‘பேராக’ எண்ணுகிறோமே, எந்த வகுப்பில் படிச்சீங்க? சந்தையிலேதானே!

(மணி ஒலி)

நடுவர் மணி அடித்துவிட்டார். ஜப்பானில் வேலை முடிந்து பிரியும்போது ஒருவருக்கொருவர் “ஒத்ஸுகரே சமா” என்று சொல்வார்கள். ‘களைத்துப் போயிருப்பீர்கள்’ என்று அர்த்தம். இரண்டு மணி நேரமாக இந்த மண்தரையில் உட்கார்ந்து என்னையும் எதிரணியையும் பொறுத்துக்கொண்ட புதுச்சத்திரத்து மக்களே, ஒத்ஸுகரே சமா! போயிட்டு வாரனுங்க!

(கைதட்டல்)