களிம்பும் சாட்சியே



இந்த வலியசாலைத் தெருவில் கூடிப் பழங்காசுகளைப் பற்றிப் பேசுவது பொருத்தமானது. கி.பி. 866-இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் கல்விச் சாலை நிறுவியபோது, காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டான் என்று அவனுடைய செப்பேடு சொல்கிறது. அந்தக் காந்தளூர்ச் சாலை இருந்த இடம் இதுவே என்பது அறிஞர் பலரின் கருத்து. பக்கத்திலேயே சாலைக் கடைத்தெரு. ரூபாய்க்கு 28 சக்கரம், சக்கரத்துக்கு 16 காசு என்று திருவிதாங்கூர்க் கணக்குப் பார்த்துப் பழகிய ஊர் இது.

மண்ணிலிருந்து எடுத்த காசுகளின் தேய்மானமும் நிறமாற்றமும் இன்றைய கருத்தரங்கின் பொருள். மெட்டல் டிடெக்டர் இன்று பொழுதுபோக்குக்காரர் கைக்கும் வந்துவிட்டது. அது உலோகம் இருக்கும் இடத்தைக் காட்டும். காசு எந்த மண்ணடுக்கில், எதன் அருகில் கிடந்தது என்பதைச் சொல்லாது. கருவி ஒலித்த இடத்தில் குழி தோண்டிக் காசை எடுத்தவுடன் அந்தச் செய்தி அழிந்துபோகிறது. பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வில் கிடைத்த சேரர் செப்புக் காசுகளுக்கு அடுக்கு உண்டு, உடன் கிடைத்த பானை ஓடுகளும் உண்டு. கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த, சேர மன்னன் மாக்கோதையின் வெள்ளிக் காசுகளுக்கு அந்தத் துணை இல்லை. அடுக்கை இழந்த காசுக்கு அதன் மேற்பரப்பு ஒன்றுதான் மிச்சமிருக்கும் சாட்சி. இன்று நான் வலியுறுத்த வந்தது இதைத்தான்.

அந்த மேற்பரப்பில் மூன்று தரப்பு வேலை செய்திருக்கிறது: கை, உளி, மண். இவற்றைப் பிரித்தறிவதே நம் முதல் வேலை.

கைமாறித் தேய்ந்த காசில் மேடுகள் முதலில் மழுங்கும். முகத்தில் மூக்கும் கன்னமும் போகும். பள்ளத்தில் உள்ள எழுத்தின் அடிப்பகுதி தங்கும். மண் அரித்த காசில் மேடும் பள்ளமும் ஒருசேரக் குழிந்திருக்கும். ஆற்று மணலில் உருண்ட காசு விளிம்பெல்லாம் உருண்டு, பளபளப்பில்லாமல் மங்கிக் கிடக்கும். மண் தின்ற காசைப் பார்த்து “நெடுங்காலம் புழங்கியது” என்று எழுதிவிட்டால், அந்தக் காசின் ஆட்சிக்காலம், வணிகம் பற்றிய நம் முடிவுகளும் தடம் மாறும்.

நம் ஊர்ச் சக்கரத்தையே எடுத்துக்கொள்வோம். அரை கிராம்கூட எடை இல்லாத வெள்ளிப் பொட்டு, விரலிடுக்கில் நழுவிவிடும். அதை எண்ணுவதற்கென்றே சக்கரப் பலகை இருந்தது. பலகை முழுவதும் சிறு குழிகள். காசுகளை அள்ளிக் கொட்டிக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக அமரும்; மிச்சத்தை வழித்துவிடுவார்கள். கருவூலத்திலும் கடையிலும் இப்படிக் குலுங்கிய காசுகளில் மரத்தின் உரசலும் தங்களுக்குள் உரசிய தடமும் பதிந்திருக்குமா? உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்க்க வேண்டிய கேள்வி இது. இளம் ஆய்வாளர் யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது உளி. 1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் கிடைத்த புதையலில் 501 உரோமப் பொற்காசுகள் இருந்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான காலத்தவை. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் பேரரசரின் தலைமீது உளிவெட்டு. முலாம் பூசிய போலியா என்று சோதிக்க வெட்டினார்களா, செலாவணியிலிருந்து விலக்க வெட்டினார்களா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. சோதனைக்கு எந்த இடத்தில் வெட்டினாலும் போதும். தேடிப்பிடித்துத் தலையிலேயே வெட்டியிருப்பதால், நோக்கம் சோதனையைத் தாண்டியது என்றே எனக்குப் படுகிறது.

செம்பிலும் வெள்ளியிலும் வெட்டின் வயதை ஓரளவு கணிக்க வழியுண்டு. வெட்டுக்குள்ளும் வெளியிலும் ஒரே படலம் படர்ந்திருந்தால் வெட்டு பழையது. உள்ளே உலோகம் மின்னினால் மண்வெட்டி பட்ட காயம். காசைக் கழுவிவிட்டால் இந்த வேறுபாடு போய்விடும்.

மூன்றாவது மண். சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்குச் செம்பின் களிம்பை உவமை காட்டும். அது நீங்கியே தீர வேண்டும் என்பது சித்தாந்திகள் கொள்கை. நாணயவியலில் களிம்பெல்லாம் பகையன்று. செம்பின்மேல் முதலில் படியும் செம்பழுப்பு குப்ரைட். அதன்மேல் பச்சை மாலகைட். கெட்டியாகப் படிந்த இந்தப் படலம், கீழுள்ள உலோகத்தைக் காக்கிறது. எழுத்தின் வடிவம்கூடப் பல காசுகளில் அந்தப் படலத்தில்தான் தங்கியிருக்கிறது. பொடிப்பொடியாக உதிரும் வெளிர்பச்சைதான் ஆபத்து. அது குளோரைடின் வேலை. கடற்கரை ஈரக்காற்று பட்டால் காசு தொடர்ந்து அரிபட்டுக்கொண்டே போகும். அதை உலர்ந்த பெட்டியில் தனியே வைத்து, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

வெள்ளி கந்தகம் பட்டுக் கறுக்கும். படலம் மெல்லியதாக இருக்கும்போது ஒளி அதில் விளையாடி மஞ்சள், ஊதா, நீலம் என்று நிறம் காட்டும். அந்த வானவில் நிறத்துக்குச் சந்தையில் கூடுதல் விலை கிடைப்பதால், கந்தகப் புகை காட்டியும் அவித்த முட்டையோடு மூடிவைத்தும் நிறமேற்றுகிறவர்கள் உண்டு. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. செம்பு கலந்த வெள்ளிக் காசு மண்ணில் கிடக்கையில் மேற்பரப்பிலிருந்து செம்பு கசிந்து வெளியேறும். எக்ஸ்-கதிர்க் கருவி மேல்தோலை மட்டும் அளப்பதால், உள்ளதைவிட மாற்று உயர்ந்த வெள்ளி என்று காட்டும். அந்த எண்ணை நம்பி ஒரு மன்னரின் பொருளாதாரத்தை மதிப்பிடக் கூடாது.

இத்தனை சாட்சியையும் ஒரு கொட்டைப் புளி அழித்துவிடும். புளி, எலுமிச்சை, சாம்பல், செங்கல்பொடி என்று நம் வீடுகளில் குத்துவிளக்குக்குச் செய்வதைக் காசுக்கும் செய்கிறார்கள். விளக்கு துலங்கும்; காசு ஊமையாகும்.

கருவி வைத்திருக்கும் அன்பர்களுக்குச் சட்டத்தையும் நினைவூட்ட வேண்டும். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. கேரளம் 1968-இல் தனக்கென்று புதையல் சட்டம் இயற்றிக்கொண்டது. இங்கிலாந்தில் 1997 முதல், பொதுமக்கள் கண்டெடுப்பவற்றைப் பதிவுசெய்யும் திட்டம் நடக்கிறது. கருவியோடு வயலில் நடப்பவர்கள் அங்கே ஆய்வாளர்களுக்குத் தகவல் தருகிறார்கள். இங்கே பயத்தால் பல காசுகள் பதிவாகாமலே உருக்குச் சட்டிக்குப் போகின்றன. தெரிவிப்பவரை மதித்து நடத்தும் வழக்கம் நம் அலுவலகங்களிலும் வர வேண்டும்.

இந்த அவை மூன்று முடிவுகளை எடுக்க வேண்டுகிறேன். காசைத் தொட்டுத் துடைக்கும் முன்பே இரு பக்கமும் படம் எடுத்து, எடை பார்த்து, கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் எழுத வேண்டும். ஒட்டியிருந்த மண்ணில் ஒரு சிட்டிகையைக் காசோடு பொதிந்து வைக்க வேண்டும். இனி அச்சேறும் காசுப் பட்டியல்களில் எடை, அளவு என்ற பத்திகளோடு மேற்பரப்பின் நிலைக்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும்.

கட்டுரை படிக்க வந்திருப்பவர்கள் இந்த மூன்றையும் எடுத்து விவாதிக்கட்டும். மறுப்பு இருந்தால் தயங்காமல் சொல்லட்டும். மாலை நிறைவு அமர்வுக்குள் அவற்றுக்குத் தீர்மான வடிவம் கிடைத்தால் நாம் கூடியதற்குப் பயன் உண்டு. கருத்தரங்கைத் தொடங்கிவைத்து, முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.