மண் பிசைதல்

குயவரின் சக்கரம் சுழலும்போது நின்று பாராதவர் அரியர். மண்ணுருண்டை நம் கண்முன்னே குடமாக எழும் காட்சி எவரையும் மயக்கும். ஆனால் அதற்கு முன்னர் அவர் குனிந்து மண்ணைப் பிசைந்ததை எவரும் நின்று பார்ப்பதில்லை. குடத்தின் அழகு சக்கரத்தில் பிறக்கிறது. அதன் ஆயுளோ பிசைதலில் பிறக்கிறது. அந்தப் பிசைதலைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

களிமண்ணை ஏன் பிசைய வேண்டும்? களிமண் என்பது கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய தகடுகளின் தொகுதி. தகடுகளுக்கிடையே நீர் புகுந்து அவற்றை வழுக்கச் செய்வதால்தான் மண் நம் விரலுக்கு இணங்குகிறது. ஒரே கட்டியில் ஓரிடம் மிக ஈரமாகவும் மற்றோரிடம் வறண்டும் இருந்தால், காயும்போது ஈரப் பகுதி மிகுதியாகவும் வறண்ட பகுதி குறைவாகவும் சுருங்கும். இரண்டிற்கும் இடையே விரிசல் காணும். உள்ளே காற்றுக் குமிழி இருந்தாலோ, சக்கரத்தில் ஏற்றிய மண் விரலடியில் துள்ளும், சுவர் கோணும்.

சூளையில் பானை வெடிப்பதற்குக் காற்றுக் குமிழியே காரணம் என்று பலர் கூறுவர். அது முழு உண்மையன்று. அடைபட்ட காற்று வெப்பத்தால் ஓரளவே விரியும். சரிவரக் காயாத மண்ணில் தங்கிய நீரோ, 100 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஆவியாகி, ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் கேட்கும். வெளியேற வழியில்லையெனில் பானையை உடைத்துக்கொண்டு வெளியேறும். ஆகவே நன்கு பிசைவதோடு பொறுமையாக உலர்த்துவதும் வேண்டும். ஒன்று மற்றொன்றிற்கு ஈடாகாது.

இனி, பிசையும் முறைகளைக் காண்போம். முதலாவது, அறுத்து அடித்தல். மண்கட்டியை மெல்லிய கம்பியால் இரண்டாக அறுத்து, ஒரு பாதியைத் தூக்கி மற்றதன்மேல் ஓங்கி அடிக்க வேண்டும். கட்டியைத் திருப்பி மீண்டும் அறுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அடுக்குகள் இரட்டிக்கின்றன. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், பத்தாம் முறையில் 1,024 ஆகும், இருபதாம் முறையில் பத்து லட்சத்தைத் தாண்டும். இத்தனை அடுக்குகளில் ஈரமும் வறட்சியும் தனித்தனியே நிற்க இயலுமா?

இரண்டாவது முறையில் இரு உள்ளங்கைகளாலும் மண்ணைக் கீழும் முன்னுமாக அழுத்தி, தம்பால் உருட்டி, மீண்டும் அழுத்துவர். இருபுறமும் சுருள் விழுந்து, கட்டி கொம்புள்ள ஆட்டுக்கடாவின் தலைபோல் தோன்றும். மூன்றாவது, ஜப்பானியர் ‘கிக்குநெரி’ என்னும் முறை. ஒரு கை அழுத்த, மறு கை கட்டியைச் சிறிது சிறிதாகத் திருப்பும். அழுத்திய தடங்கள் செவ்வந்திப் பூவின் இதழ்களைப்போல் வரிசையாக அமையும். பெயரும் அம்மலரால் வந்ததே. நம் நாட்டுக் குயவர் மிகுதியான மண்ணைப் பக்குவம் செய்ய வேண்டியிருப்பதால், முதலில் காலால் மிதித்துப் பின்னரே கையால் பிசைவர். மானாமதுரையில் உருவாகும் கடத்தை எண்ணிப் பாருங்கள். அதன் சுவர் எங்கும் ஒரு சீராக இராவிடில் நாதமும் சீராக இராது.

நீங்கள் பிசையும்போது சிலவற்றை நினைவிற் கொள்க. பலகை இடுப்புக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். தோள் வலிமையால் தள்ளாதீர்கள்; கையை நேராக வைத்து உடலின் எடையைச் சாயவிடுங்கள். சப்பாத்தி மாவைப்போல் மடித்து மடித்துப் பிசையாதீர்கள். மடிப்புக்குள் காற்று சிக்கும். இத்தனை முறை என்று எண்ணியும் நிறுத்தாதீர்கள். கம்பியால் அறுத்து முகத்தைப் பாருங்கள்; துளையோ, நிற வேறுபாடோ இல்லையெனில் மண் பக்குவமாயிற்று.

என் பள்ளியில் கைத்தொழில் வகுப்பு மாணவன் ஒருவன், எல்லோருக்கும் முன்பாக ஒரு கிண்ணம் செய்து முடித்தான். வடிவில் குறையில்லை. மூன்றாம் நாள் பக்கவாட்டில் நீண்ட விரிசல் கண்டது. “ஐயா, நான் நன்றாகத்தானே செய்தேன்?” என்று கண்கலங்கினான். மிஞ்சியிருந்த கட்டியை அறுத்துப் பார்க்கச் சொன்னேன். உள்ளே வறண்ட சிறு கட்டிகள் பல கிடந்தன. அவன் மறுமொழி பேசவில்லை. கிண்ணத்தை நொறுக்கி நீரில் ஊறவிட்டான். மறு வாரம் நெடுநேரம் பிசைந்து, மற்றொன்று செய்தான். அது விரியவில்லை.

அவனால் அவ்வாறு செய்ய முடிந்ததற்குக் காரணம், கிண்ணம் இன்னும் சூளைக்குப் போகாமையே. சுடாத மண் நீர் பட்டால் மீண்டும் சேறாகும். வெப்பம் 600 பாகையைக் கடந்துவிட்டால், மண்ணோடு வேதியியல் முறையில் பிணைந்த நீரும் நீங்கிவிடும். அதன்பின் எத்தனை நாள் ஊறவைத்தாலும் அது களிமண்ணாகாது, ஓடாகவே கிடக்கும். குற்றத்தைத் திருத்தும் காலம் சூளைக்கு முன்னரே உள்ளது. அக்காலத்தில் கை அழுக்காகுமே என்று தயங்காதீர்கள்.