சாவுக்குப் பின் வரும் சட்டம்

(விருதுநகர்க் கூட்டத்தில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)

  

இந்நாட்டிற்குத் 'தமிழ்நாடு' என்று பெயர் சூட்டுக எனக் கேட்டு, 1956ஆம் ஆண்டு இதே விருதுநகரில் 76 நாள் உண்ணா நோன்பிருந்து, அக்டோபர் 13ஆம் நாள் உயிர் நீத்தார் சங்கரலிங்கனார். ஒரு பெயருக்காக ஓர் உயிர் போயிற்று. அவர் நோன்பிருந்த ஊரைத் தலைநகராகக் கொண்ட மாவட்டத்தில், இன்று ஆண்டுதோறும் எத்தனை உயிர்கள் வெடிக் கொட்டகைகளில் கரிந்து மாய்கின்றன! அவ்வுயிர்களைக் காக்கவென்று அரசு இயற்றிய சட்டங்கள் எங்கே நிற்கின்றன, எப்போது வருகின்றன என்பதே இன்றைய பேச்சு.

மழை பொய்த்த கரிசல் நிலம் இது. உழவு கைவிட்ட மக்களுக்குத் தொழில் ஒன்று வேண்டியிருந்தது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டனர். தீப்பெட்டியின் வழியே வெடித்தொழில் வந்தது, அச்சுத்தொழிலும் உடன்வளர்ந்தது. இந்தியா முழுதும் கொளுத்தும் வெடிகளுள் மிகப்பெரும் பகுதி இன்று சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துக் கைகளே செய்பவை. தீபாவளி நமக்குரிய விழாவா என்னும் வழக்கு வேறு. அதை இங்கே எடுக்கவில்லை. விழா எவருடையதாயினும், அதற்கென வேகும் கை நம் கை!

இத்தொழிலுக்குச் சட்டம் இல்லையா எனில், நிரம்ப உண்டு. வெள்ளையன் 1884இல் இயற்றிய வெடிபொருள் சட்டம் உண்டு. அதன்கீழ் 2008இல் புதுக்கிய விதிகள் உண்டு. ஒரு வேளையில் 15 கிலோ வரை வெடிபொருள் வைத்துச் செய்யும் சிறு தொழிலகத்திற்கு மாவட்ட ஆட்சி உரிமம் தரும். அதற்கு மேற்பட்டவை நடுவணரசின் வெடிபொருள் துறையைச் சார்ந்தவை. அதன் தலைமையகம் மராட்டிய நாட்டு நாகபுரியில் உள்ளது. சென்னையிலும் சிவகாசியிலும் கிளை அலுவலகங்கள் உள்ளன. 'சென்னை உரிமம்', 'நாகபுரி உரிமம்' என்றே நம் தொழிலாளர் பேசிக்கொள்வர்.

விதிகள் தெளிவானவை. ஓர் அறையில் நால்வர்க்கு மேல் இருந்து வேலை செய்யலாகாது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். குறித்த அளவுக்கு மேல் மருந்து வைத்தலாகாது. மரத்தடியிலும் திறந்தவெளியிலும் மருந்தைக் கையாளலாகாது. இவற்றை எழுதியவன் தொழிலறிந்தே எழுதினான். ஓர் அறை வெடித்தாலும் அடுத்த அறை பிழைக்க வேண்டும், நால்வர் போயினும் நாற்பதின்மர் போகலாகாது என்பதே அவ்விதிகளின் உட்பொருள்.

அங்ஙனமாயின் நாற்பதின்மர் எவ்வாறு மாண்டனர்? 1991 சூலை 12இல் மீனம்பட்டியில் 39 பேர். 2012 செப்தம்பர் 5இல் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர். 2021 பிப்பிரவரி 12இல் அச்சங்குளத்தில் இருபதின்மர்க்கு மேல். 2023 அக்டோபர் 17இல் இரெங்கபாளையத்தில் 13 பேர். 2024 மே 9இல் செங்கமலப்பட்டியில் பதின்மர். 2025 சூலை 1இல் சின்னக்காமன்பட்டியில் ஒன்பதின்மர். யான் சொன்னவை சிலவே, சொல்லாதவை மிகப்பல.

ஒவ்வொரு நேர்ச்சிக்குப் பின்னும் ஒரே செய்தி: 'மருந்து உராய்வே கரணியம்.' உராய்வு தீயை மூட்டியிருக்கலாம். ஆனால் நால்வர் இருக்க வேண்டிய அறையில் பலரை அடைத்தது உராய்வா? அளவுக்கு மேல் மருந்தைக் குவித்தது உராய்வா? எண்ணிக்கைக் கூலி தந்து, விழா நெருங்க நெருங்க, 'இன்னும் விரைந்து செய்' என்று பெண்களை முடுக்கியது உராய்வா?

முதலிப்பட்டியை எண்ணிப் பாருங்கள். அத்தொழிலகத்தில் விதிமீறல் கண்டு, அதன் உரிமத்தை முன்னரே நிறுத்தி வைத்திருந்தனர் என்று நேர்ச்சிக்குப் பின் செய்தி வந்தது. ஆணை எழுதப்பட்டுவிட்டது, வேலையோ நிற்கவில்லை. உரிமம் ஏட்டில் நின்றது. மருந்து அறையில் கலந்துகொண்டிருந்தது. அவ்வாணையை ஒரு தாளில் எழுதி வாயிற்கதவில் ஒட்டி, கதவுக்கு ஒரு பூட்டும் இட்டிருந்தால், அத்தனை குடும்பங்கள் அன்று அழுதிருக்குமா?

அச்சங்குளத்தில் வேறொரு நோய் வெளிப்பட்டது. உரிமம் ஒருவர் பெயரில். அறைகளோ பலர்க்கு உட்குத்தகை. குத்தகையெடுத்தவன் தான் கட்டிய பணத்தை மீட்கும் வரை விதியை நினைப்பானா? அந்நேர்ச்சியை நாட்டுப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து வழக்காக எடுத்தது. இறந்தோர் குடும்பத்திற்கு 20 இலக்கம் உருபா தருமாறு பணித்தது. நன்று. ஆயினும் அவ்வளவும் சாவுக்குப் பின் நடந்தவை. வழக்குப் பதிவர், மேலாளரையும் போர்மனையும் தளையிடுவர், ஆய்வுக் குழுக்கள் ஊரைச் சுற்றும், குழு வருகிறதென்று கேட்டுப் பல தொழிலகங்கள் கதவடைக்கும், குழு திரும்பியதும் கதவு திறக்கும். உட்குத்தகைக்கு விட்டு ஊதியம் தின்றவன் எத்தனை முறை கூண்டில் நின்றான்?

'எனின், சட்டத்தால் பயனே இல்லையா?' என்று நீங்கள் வினவலாம். பயன் உண்டு, அதற்கும் இம்மண்ணே சான்று. நாற்பதாண்டுகட்கு முன், விடியுமுன்னே சிற்றூர்ப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றித் தீப்பெட்டித் தொழிலகங்களுக்குக் கொண்டுசென்றனர். பள்ளியில் நண்பகல் உணவிட்ட காமராசர் பிறந்த மாவட்டத்தில் அக்கொடுமை நடந்தது! 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் என வழங்கும் தலைமை முறைமன்றம் 1996 திசம்பர் 10இல் தீர்ப்பளித்தது. பணியில் அமர்த்திய ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 உருபா முதலாளி கட்ட வேண்டும். அப்பிள்ளையின் குடும்பத்தில் வளர்ந்த ஒருவர்க்கு அரசு வேலை தேடித் தர வேண்டும், இன்றேல் 5,000 உருபாவைப் பிள்ளையின் நலநிதியில் சேர்க்க வேண்டும் என்றது. அத்தீர்ப்பு எழுத்துக்கு எழுத்து நிறைவேறிற்று என்று யான் சொல்லவில்லை. ஆயினும் தடையோடு பள்ளியும், உணவும், மாற்றுவழியும் சேர்ந்து வந்தமையால், பிள்ளைகள் கூட்டங் கூட்டமாகப் பேருந்தேறிய காலம் மலையேறியது.

இதனொடு அண்மைத் தடையை ஒப்பிடுங்கள். தில்லிக் குழந்தைகள் மூவர் பெயரால் 2015இல் ஒரு வழக்கு எழுந்தது. 2018 அக்டோபர் 23இல் தலைமை முறைமன்றம் பேரியம் உப்பைத் தடுத்தது, சரவெடியைத் தடுத்தது, புகை குறைந்த பசுமை வெடி மட்டுமே செய்க என்றது, தீபாவளியன்று இரவு 8 முதல் 10 வரை மட்டுமே வெடிக்கலாம் என்றது. 2023 செப்தம்பரில் பேரியத்திற்கும் சரவெடிக்கும் மீண்டும் இசைவு மறுத்தது. 2025 அக்டோபரில் தில்லி வட்டாரத்தில் சில நாள்கள் மட்டும் பசுமை வெடி விற்க விடுத்தது.

தில்லிக் குழந்தையின் மூச்சும் மூச்சே, அதை இகழோம். புகை நஞ்சென்பதும் மெய்யே. ஆனால் மத்தாப்புக்கும் சக்கரத்திற்கும் பேரியமே அடிப்படைச் சரக்கு. சரம் பின்னுதலோ பெண்களின் கைத்தொழில். அக்கைகட்கு மாற்றுப்பணி எங்கே? பிள்ளைத்தொழிலை ஒழிக்கையில் வேலையும் நிதியும் சேர்த்தெழுதிய அதே மன்றத்தின் தடை, இம்முறை தடையாகவே வந்தது. மாற்றுவழி காட்டாத தடை என்ன செய்யும்? ஒளிவிலே செய்யத் தூண்டும். உரிமம் பெற்ற அறையில் செய்த வேலை உரிமமில்லா வீட்டுக்குள் நுழையும். அங்கே இடைவெளியுமில்லை, ஆய்வுமில்லை, பக்கத்துத் தொட்டிலில் பிள்ளை உறங்கும்.

இனி, மொழியின் பங்கு யாது? 2008ஆம் ஆண்டு விதிகள் இந்திய அரசிதழில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்தவை. வழக்கென்று வந்தால் அம்மூலத்தையே மன்றம் பார்க்கும். மருந்து சலிக்கும் வெம்பக்கோட்டைப் பெண் தன் உயிர்க்காவலை எம்மொழியில் படிப்பாள்? சுவரில் 'கவனம்' என்று ஒரு சொல் எழுதினால் போதுமா? 'இவ்வறையில் நால்வர் மட்டுமே' என்பது தன் உரிமை என்று அறிந்தவளே ஐந்தாமவளாக நுழைய மறுப்பாள். அறியாதவளுக்குச் சட்டம் இருந்தும் இல்லாததே. வடபுலத்திலிருந்து வந்து அதே கொட்டகையில் உழைப்போனுக்கும் அவன் மொழியில் சொல்லியாக வேண்டும். உயிரில் ஏற்றத்தாழ்வு இல்லை.

ஆதலின் நாம் கேட்பவை ஐந்து. வெடிபொருள் விதிகட்குச் சட்ட வலிமையுள்ள தமிழ் மூலம் வேண்டும். ஒவ்வொரு தொழிலக வாயிலிலும், ஊராட்சி அலுவலகத்திலும், உரிமம் பெற்றவர் பெயர், அறைகளின் எண்ணிக்கை, ஆள்கணக்கு, மருந்தின் அளவு, இறுதி ஆய்வின் முடிவு ஆகியவற்றைத் தமிழில் எழுதி வைக்க வேண்டும். உரிமத்தை நிறுத்தும் ஆணை அன்றே கதவில் பூட்டாக வேண்டும். உட்குத்தகை விட்டவரே முதற் குற்றவாளியாக வேண்டும். எத்தடை விதிப்பினும் அதனுடன் மாற்றுவாழ்வும் வகுக்க வேண்டும்.

இவை பெருங்கோரிக்கைகள் அல்ல. ஒரு பலகையும் ஒரு பூட்டும் எந்த அரசுக்கும் சுமையாகா. அவற்றை நாளையே கேளுங்கள். ஊர்மன்றத்தில் எழுந்து கேளுங்கள், ஆட்சியர் குறைகேட்கும் நாளில் எழுத்தில் கொடுத்துக் கேளுங்கள், தமிழிலேயே கேளுங்கள். அடுத்த நேர்ச்சிக்குப் பின் மாலையோடு வருவோரைக் காட்டிலும், அதற்கு முன் வினாவோடு வருபவனே இம்மக்களின் உறவு.

உழைப்போர் வாழ்க! தமிழ் வெல்க!