மரத்தில் எழுதிய எழுத்து

(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

    

வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவதே மரபு. நானோ இன்று ஒரு ரம்பத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. நம் மாலைநேரப் படிப்பகத்தில் மரவேலை கற்பிக்கலாம் என்று சென்ற மாதக் கூட்டத்தில் நான் கூறியபோது, மூத்த தாய் ஒருவர் எழுந்து, “எங்கள் பிள்ளைகள் கையில் உளியைக் கொடுப்பதற்கா இருபத்தைந்து ஆண்டுகள் இந்தச் சங்கத்தைக் கட்டிக் காத்தோம்?” என்று கேட்டார். அன்று என்னால் விடை கூற இயலவில்லை. இன்று கூற முயல்கிறேன்.

அத்தாயின் கேள்வி நியாயமானது. 1953ஆம் ஆண்டு, இராஜாஜி அவர்கள் முதலமைச்சராக இருந்த காலத்தில், சென்னை மாநிலத்துக் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு புதிய திட்டம் நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகளுக்கு நாள்தோறும் மூன்று மணி நேரமே பள்ளி. எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். அதனைக் குலக்கல்வித் திட்டம் என்றே மக்கள் அழைத்தனர். கடும் எதிர்ப்பு எழுந்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அப்போது என் தந்தையார் மூன்றாம் வகுப்பு மாணவர். பள்ளி இல்லாத நேரத்தில் அவர் பழகிய தொழில், பிறருடைய மாடுகளை மேய்ப்பது. ஓராண்டில் திட்டம் ஒழிந்தது. மாடு மேய்ப்பது ஒழியவில்லை. அவர் மீண்டும் பள்ளிக்குச் செல்லவேயில்லை.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்த் தச்சுப் பட்டறையின் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பேன். மரச்சுருள் கழன்று விழும் அழகில் மயங்கி, ஒருநாள் அருகில் கிடந்த உளியைக் கையில் எடுத்துவிட்டேன். பட்டறைக்காரர் என்னை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. உளியை வாங்கி நீரில் கழுவி வைத்தார். அவ்வளவுதான்.

ஆக, ஒரு தொழிலை நம்மீது சுமத்தினார்கள். மற்றொரு தொழிலைத் தொடவும் விடவில்லை. சாதி என்பது வேலைகளை மட்டும் பிரிப்பதன்று, வேலை செய்யும் மனிதரையே மேல் கீழாகப் பிரிப்பது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ என்னும் நூலில் விளக்கியிருக்கிறார். அதனை நான் பட்டறை வாசலிலேயே கற்றுக்கொண்டேன்.

இனி ரம்பத்திற்கு வருகிறேன். இரண்டாண்டுகளுக்கு முன், எங்கள் பள்ளியின் முதல் வகுப்புக் குழந்தைகள் விரலால் தடவிப் பழகுவதற்கு மர எழுத்துகள் செய்ய விரும்பி, நகரத்திலுள்ள ஒரு பட்டறைக்குச் சென்றேன். அங்கே ஸ்க்ரோல் சா என்னும் மின் ரம்பம் இருந்தது. அளவில் தையல் இயந்திரம் போன்றது. நூல்போல் மெல்லிய, ஐந்து அங்குல அலகொன்று மேலும் கீழுமாக விரைந்து ஓடும். பலகையை மேசைமீது வைத்துத் திருப்பித் திருப்பி எந்த வளைவையும் அறுக்கலாம். பட்டறைத் தச்சர் என்னைவிட இருபது வயது இளையவர். “நீங்களே அறுத்துப் பாருங்களேன், ஐயா” என்று சொல்லிப் பலகையை என் கையில் தந்தார். அன்று ஐம்பத்து மூன்று வயது மாணவனானேன்.

முதல் நாளில் ஏழு அலகுகளை முறித்தேன். முதலில் அலகைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். பற்கள் கீழ்நோக்கி இருந்தால்தான் பலகை மேசையோடு படிந்து நிற்கும். மேல்நோக்கி இருந்தால் துள்ளிக் குதிக்கும். அடுத்து, அலகைத் தளர்வாகக் கட்டினேன். விரலால் சுண்டினால் தந்தியைப்போல் தெளிவாக ஒலிக்க வேண்டுமாம். மூன்றாவதாக, அவசரப்பட்டுப் பலகையைத் தள்ளினேன். “தள்ளாதீர்கள் ஐயா, வெட்டுவது அலகின் வேலை. வழிகாட்டுவதுதான் உங்கள் வேலை” என்றார் அவர். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் கேட்க வேண்டிய பாடத்தை அங்கே கேட்டேன்.

நேர்க்கோடுகளால் ஆனது என்று நம்பி ‘ட’ என்னும் எழுத்தில் தொடங்கினேன். வளைவைவிட நேர்க்கோடே கடினம் என்பது பிறகுதான் தெரிந்தது. கோடு நேராக இருந்தும் வெட்டு ஒருபுறமாகவே சாய்ந்து சென்றது. என் கை உதவாக்கை என்று சலித்துக்கொண்டேன். தச்சர் சிரித்தார். இவ்வகை அலகுகளைத் தகட்டிலிருந்து வெட்டி எடுக்கும்போது ஒரு பக்கத்தில் மட்டும் நுண்ணிய பிசிறு நின்றுவிடும். அந்தப் பக்கம் கூடுதலாக வெட்டுவதால் அலகு ஒருபுறம் இழுக்கும். அதற்கேற்பப் பலகையைச் சற்றே சாய்த்துப் பிடித்தால் வெட்டு நேராக வரும். பெரியோர்களே! என் முப்பதாண்டு ஆசிரியப் பணியில், கோடு நேராக வராத எத்தனை பிள்ளைகளை மந்தமானவர்கள் என்று நாங்கள் ஒதுக்கியிருப்போம்! கருவியின் கோணலைக் கையின் குற்றமாக எண்ணிவிட்டோமே என்று அன்று நெஞ்சம் குமைந்தேன்.

பின்னர் ‘அ’ எழுத்துக்கு வந்தேன். அதன் சுழிக்குள் ஒரு வெற்றிடம் உண்டு. அங்கே முதலில் ஒரு துளையிட வேண்டும். அலகின் ஒரு முனையைக் கழற்றி, துளை வழியே செலுத்தி, மீண்டும் இறுகக் கட்டி, உள்வெட்டை முடிக்க வேண்டும். அதன் பிறகே வெளிக்கோடு. வெளியை முதலில் அறுத்துவிட்டால் பிடித்துக்கொள்ளப் பலகை இராது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை முழு ‘அ’ ஒன்று என் கைக்கு வந்தது. ஓரம் கரடுமுரடாகத்தான் இருந்தது. உப்புத்தாள் கொண்டு தேய்த்து வழவழப்பாக்கினேன். அந்த எழுத்தின்மீது முதன்முதலில் விரல் வைத்தவள் நம் தெருக் குழந்தை ஒருத்தி.

இப்போது அத்தாயின் கேள்விக்கு விடை சொல்கிறேன். பிறப்பைக் காட்டிக் கையில் திணிக்கப்படும் கருவி விலங்கு. விரும்பி எடுக்கும் கருவியோ, எழுதுகோலைப் போல, அறிவின் ஒரு பகுதி. ஆயினும் விரும்பி எடுப்பதென்றால், வேண்டாமென மறுக்கும் உரிமையும் வேண்டும். என் தந்தையாருக்கு அவ்வுரிமை இல்லை. ஆதலின் சில கட்டுப்பாடுகளுடன் இதனைத் தொடங்குமாறு சங்கத்தை வேண்டுகிறேன்.

படிப்பு நேரத்தில் ஒரு நிமிடம்கூட இதற்கு எடுக்கலாகாது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் போதும். விரும்பிய பிள்ளைகள் மட்டுமே வரவேண்டும். ஆணும் பெண்ணும் சமமாகக் கற்க வேண்டும். எந்தத் தெருப் பிள்ளை வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெரியவர் ஒருவர் எப்போதும் உடனிருக்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்குத் துணியும் இன்றி எவரும் ரம்பத்தருகே செல்லக்கூடாது. மின் இணைப்பைப் பிடுங்காமல் அலகை மாற்றக்கூடாது. விரல் ஒருபோதும் அலகின் பாதையில் நிற்கக்கூடாது. பிள்ளைகள் செய்யும் பொருளை விற்றுக் காசாக்கக்கூடாது. அவர்கள் அலகை முறித்தால் கணக்குக் கேட்கக்கூடாது. தவறு செய்து கற்கும் வாய்ப்பு நம் முன்னோர்க்குக் கிடைக்கவில்லை. அவர்கள் தவறினால் அடிதான் விழுந்தது.

என் தந்தையார் இன்று இல்லை. அவருடைய பெயரை நான்கு மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில் அறுத்து வீட்டு வாசலில் பொருத்தியிருக்கிறேன். தம் பெயரை எழுதப் படிக்க மட்டுமே அறிந்திருந்த மனிதர் அவர். அப்பெயரின் எழுத்துகள் சற்றுக் கோணலாகத்தான் இருக்கின்றன. எனினும் அவற்றை அறுக்க எவரும் எனக்குக் கட்டளையிடவில்லை. அறுத்த கருவியை எவரும் கழுவி வைக்கவுமில்லை.