கையை நீட்டச் சொன்னவர் பதிலும் சொல்ல வேண்டும்

(நமது சங்கத்தின் மும்பை ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொரோனா வந்து போய் வருஷங்கள் ஆகிவிட்டன, இன்னும் அந்த ஊசியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. சென்ற மாதம் நம்மவர்கள் வாழும் ஒரு சாலில் ஒரு தாய், தன் ஒன்பது மாதக் குழந்தைக்குத் தட்டம்மை ஊசி போட மறுத்துவிட்டார். "அன்னைக்கு ஊசி போட்டாத்தான் ரயில்ல ஏத்துவோம்னு சொன்னவங்கதானே இவங்க? இவங்க பேச்சை எப்படி நம்புறது?" என்று கேட்டார். 2021-இல் உண்டான கசப்பு இன்று தொட்டில் வரை வந்து நிற்கிறது. 2022 நவம்பரில் இதே மும்பையில், கோவண்டிப் பகுதியில், தட்டம்மை பரவிக் குழந்தைகள் மாண்டதை நாம் கண்ணால் கண்டோம். ஆகவே பேசியே தீர வேண்டும்.

முதலில் நம்முடைய தவற்றைச் சொல்லிவிடுகிறோம். 2021 ஏப்ரல் 1 முதல் நாற்பத்தைந்து வயது நிரம்பிய எல்லோருக்கும் ஊசி என்றதும், நாம் துண்டறிக்கை அடித்தோம். "மூடநம்பிக்கையை விட்டொழிப்பீர்!" என்று கொட்டை எழுத்தில் போட்டோம். வீடு வீடாகக் கொடுத்தோம். வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்தச் சமயத்தில்தான் நடிகர் விவேக் ஏப்ரல் 15 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டு, மக்களையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். 17-ஆம் தேதி காலமானார். மாரடைப்பு, ஊசியால் அல்ல என்று டாக்டர்கள் அப்போதே சொன்னார்கள். ஆனால் மத்திய அரசின் ஆய்வுக் குழு விசாரித்துத் தன் முடிவைச் சொன்னது அக்டோபரில்! ஆறு மாத காலம் வதந்திக்கு எதிரில் ஆளே இல்லை.

நம் பகுதியில் இட்லி விற்கும் ஓர் அம்மா துண்டறிக்கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, மூடநம்பிக்கையெல்லாம் எனக்கு ஒண்ணும் கிடையாது. ஊசி போட்டு ரெண்டு நாள் காய்ச்சல்ல படுத்தா எங்க வீட்ல உலை யாரு வைப்பா? அவுகளுக்கு ஒண்ணு ஆயிட்டா நான் யாருகிட்ட போய்க் கேப்பேன்?"

நம்மிடம் பதில் இல்லை. தோழர்களே, அதற்கு நாம் சூட்டிய பெயர்தான் மூடநம்பிக்கை!

ஊசிக்கு அஞ்சுவது படிக்காதவர் குணம் என்று யாரும் சொல்ல வேண்டாம். 1948-இல் சென்னை கிண்டியில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வுக்கூடம் அமைந்தது. 1955-இல் அந்தக் காசநோய் ஊசியை எதிர்த்து நின்றவர் யார்? நாட்டின் கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி! அவர் நிலைப்பாடு நமக்கு உடன்பாடல்ல. ஆயினும் அவரைப் பாமரர் என்று யாரும் ஏசவில்லை. ஏழை கேள்வி கேட்டால் மட்டும் அறியாமை என்பதா?

கேள்வி கேட்கக் காரணமும் இருந்தது. 2021 ஜனவரி 3 அன்று கோவேக்சினுக்கு அனுமதி தந்தபோது, அதன் மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு வெளிவந்திருக்கவில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில் எண்ணிக்கைக் கணக்குக்காக ஏழைகளைப் பிடித்துக் கருத்தடை செய்ததை வட இந்தியத் தொழிலாளிகள் இன்றும் மறக்கவில்லை. அவர்களோடுதான் நாமும் ஒரே சாலில் வாழ்கிறோம். அந்தப் பயம் நம் வீட்டுக்கும் வரத்தானே செய்யும்?

இந்த நகரத்துக்கு இது புதிதும் அல்ல. 1896-இல் இங்கே பிளேக் வந்தது. ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி தடுப்பூசி கண்டு, 1897 ஜனவரி 10 அன்று அதை முதலில் தம் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். பரேலில் அவர் பெயரால் உள்ள நிலையத்தை நாம் அறிவோம். 1902-இல் பஞ்சாபில் மல்கோவால் கிராமத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் 19 பேர் ரண ஜன்னியால் இறந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே புட்டியிலிருந்து மருந்து போயிருந்தது. புட்டியைத் திறக்கும் போது இடுக்கி தரையில் விழுந்ததாம். அதைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லையாம். இந்த விவரம் உரிய நேரத்தில் மக்களுக்குப் போய்ச் சேரவில்லை. பழி ஹாஃப்கின் மேல் விழுந்தது. அது நீங்க 1907 வரை ஆயிற்று. மருந்து நல்ல மருந்துதான். ஆனால் உண்மை தாமதமானால் நல்ல மருந்தும் கெட்ட பெயர் வாங்கும்.

இனி ரயில் கதைக்கு வருவோம். 2021 ஆகஸ்ட் 15 முதல், இரண்டு ஊசியும் போட்டு பதினான்கு நாள் ஆனவர்களுக்கே லோக்கல் ரயிலில் சீசன் பாஸ் என்று மாநில அரசு உத்தரவு. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நாம் பட்டது கொஞ்சமல்ல. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோர் அனைவருக்கும் மத்திய அரசின் செலவில் இலவச ஊசி என்று வந்ததே ஜூன் 21-இல். கோவிஷீல்டுக்கு இரண்டு ஊசிக்கும் இடையே 84 நாள். ஜூன் 21 அன்றே முதல் ஊசி போட்டவனுக்கு செப்டம்பர் 13-இல் இரண்டாவது ஊசி; செப்டம்பர் 27-இல் பாஸ். அதுவரை அவன் பன்வேலுக்கும் தாணாவுக்கும் எப்படி வேலைக்குப் போவான்? காசுள்ளவன் தனியார் ஆஸ்பத்திரியில் 780 ரூபாய் கொடுத்து முந்திக்கொண்டான். முன்பதிவு கைப்பேசியில்.

யாரையும் வலுக்கட்டாயமாக ஊசி போடச் செய்யக் கூடாது, பின்விளைவு விவரங்களை மக்களுக்கு வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே 2-இல் தீர்ப்பளித்தது. அந்த இட்லிக்கார அம்மா கேட்டதும் ஏறக்குறைய அதுவே!

பிறகு நாம் வழியை மாற்றினோம். துண்டறிக்கையை நிறுத்தினோம். ஊசி போடப் போகிறவருடன் சங்கத்து ஆள் ஒருவர் கூடவே போவார் என்றோம். காய்ச்சல் வந்தால் இரண்டு நாள் சாப்பாடு பக்கத்து வீடுகளிலிருந்து வரும் என்றோம். இரவில் மூச்சுத்திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ அழைக்க நான்கு பேரின் எண்ணைச் சுவரில் எழுதினோம். முதலில் நாமே சட்டைக் கையை மடித்தோம். அந்த அம்மா கணவரை அழைத்துக்கொண்டு மூன்றாம் நாள் வந்தார்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறோம். கோவிஷீல்டு வகை ஊசியால் மிக அரிதாக இரத்தம் உறைந்து சிலருக்கு உயிராபத்து நேர்ந்தது உண்மை. அதே ஊசி லட்சக்கணக்கான உயிர்களைக் காத்ததும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் மக்கள் ஓடிவிட மாட்டார்கள். ஒன்றை மறைத்தால்தான் ஓடுவார்கள்.

ஆகவே இன்று இரண்டு வேலைகள். முதலாவது நம் வேலை. குழந்தைக்கு ஒன்பதாம் மாதம் ஒன்று, பதினாறு முதல் இருபத்துநான்கு மாதத்துக்குள் இன்னொன்று என்று தட்டம்மை ஊசி போட வேண்டும். அரசு மையங்களில் இலவசம். ஊருக்குப் போனாலும் அட்டையைக் காட்டிப் போட்டுக்கொள்ளலாம். அட்டை தொலைந்துவிடாமல் ஒரு நகல் சங்கத்தில் இருக்கட்டும். இரண்டாவது, கேட்க வேண்டிய வேலை. அடுத்த கொள்ளைநோய் வருமுன்பே, ஊசி போட்ட மறுநாளுக்குக் கூலி, நம் மொழியில் விவரம், கெடுதல் நேர்ந்தால் விரைந்த விசாரணையும் நிவாரணமும் வேண்டும் என்று மாநகராட்சிக்கும் மாநில அரசுக்கும் மனுக் கொடுப்போம். கையெழுத்துத் தாள் வாசலில் இருக்கிறது.

தட்டம்மை ஊசியை மறுத்த அந்தத் தாயும் இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார். அவரை யாரும் குறை சொல்ல வேண்டாம். வருகிற புதன்கிழமை குழந்தையுடன் மையத்துக்குப் போக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். கூடப் போவது நாம்தான்.