புல்வெளிக் குடியேறிகளின் குரல்கள்



வானொலியிற் பேச வந்திருக்கும் நான், வானொலியிலிருந்து விலக்கப்பட்ட ஒரு பாட்டின் கதையைக் கொண்டே தொடங்க விரும்புகிறேன். ஐக்கிய அமெரிக்காவின் ஒலிபரப்பு நிலையங்களில் இடைவிடாது ஒலித்துக்கொண்டிருந்த 'ஹோம் ஆன் த ரேஞ்ச்' என்ற பாட்டு, 1934 ஆம் ஆண்டிலே திடீரென்று வாயடைத்துப் போயிற்று. புல்வெளி வாழ்வின் இன்பத்தைப் பாடும் எளிய பாட்டு அது. அரிசோனா மாநிலத்துத் தம்பதியர் இருவர் அது தமது உடைமையென்று கூறி, ஐந்து இலட்சம் டொலர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தனர். அதுவரை, அதனை ஆக்கியவர் இன்னாரென்று எவருக்கும் தெரியாது. மக்கள் பாட்டென்றே யாவரும் எண்ணியிருந்தனர்.

இசைப் பதிப்பாளர் சங்கத்தார், சாமுவேல் மோன்ஃபெல்ட் என்னும் வழக்கறிஞரை உண்மை தேடி அனுப்பினர். அவர் மேற்குப் பகுதியெங்கும் அலைந்து, ஒரு காலத்தில் மாட்டு மந்தை ஓட்டிய முதியவர்களைத் தேடிப் பிடித்து, "இப்பாட்டை எப்பொழுது கேட்டீர்கள்? யார் வாயிலே கேட்டீர்கள்?" என்று விசாரித்தார். வழி கடைசியிற் கன்சாஸ் மாநிலத்து ஸ்மித் மாவட்டத்திற் சென்று முடிந்தது. பிரூஸ்டர் ஹிக்லி என்னும் வைத்தியர், 1870களின் தொடக்கத்தில் அங்கே பீவர் ஓடைக்கரையிற் குடில் கட்டி வாழ்ந்தபோது எழுதிய பாட்டு அது. டானியேல் கெல்லி என்பவர் மெட்டமைத்தார். அதே பத்தாண்டிலேயே உள்ளூர்ப் பத்திரிகையிலும் அச்சேறியிருந்தது. வழக்குத் தள்ளுபடியாயிற்று, 1947 ஆம் ஆண்டிற் பாட்டுக் கன்சாஸ் மாநிலத்தின் உத்தியோக கீதமாயிற்று.

வழக்கறிஞர் சென்றபோது, பாட்டுப் பிறந்து அறுபது ஆண்டுகள் கடந்திருந்தன. அதை இளமையிற் கேட்ட சிலர் தள்ளாத வயதில் இன்னும் உயிரோடிருந்தனர். இன்னும் பத்தாண்டு தாமதித்திருந்தால், யாரைக் கேட்டிருப்பார்?

ஹிக்லியைப் போன்றோர் எவ்வாறு அவ்வனாந்தரத்துக்கு வந்து சேர்ந்தனர் என்பதைச் சிறிது சொல்ல வேண்டும். 1862 ஆம் ஆண்டில் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட குடியேற்ற நிலச் சட்டத்தின்படி, சிறு கட்டணம் செலுத்தி 160 ஏக்கர் நிலத்தைக் குறித்துக்கொண்டு, ஐந்தாண்டு அங்கே குடியிருந்து பயிரிட்டவருக்கு அந்நிலம் சொந்தமாகும். கனடா அரசு 1872 ஆம் ஆண்டில் இதனைப் பின்பற்றிப் பத்து டொலர் கட்டணத்துக்கு 160 ஏக்கரும், மூன்றாண்டுத் தவணையும் அளித்தது. ஐக்கிய அமெரிக்காவில் மாத்திரம் ஏறக்குறைய 16 இலட்சம் பேர் இவ்வாறு உறுதி பெற்றனர். அவர்கள் பெற்ற நிலம் 27 கோடி ஏக்கர். அது ஆளில்லாத நிலமன்று. ஒமாஹா, லகோட்டா, பாணி முதலிய குடிகள் வாழ்ந்த நிலம். அவர்களை ஒதுக்கிவிட்டே அரசு அதனைப் பங்கிட்டது.

வீடு கட்ட மரமில்லாத வெளி அது. புல்லையும் வேரையும் மண்ணையும் ஒன்றாக வெட்டியெடுத்துக் கற்போல அடுக்கிச் சுவர் எழுப்பினர். மழை பெய்தால் உள்ளேயும் சேறு ஒழுகும். காட்டெருமையின் உலர்ந்த சாணமே விறகு. 1874 ஆம் ஆண்டில் வெட்டுக்கிளிகள் வந்திறங்கியபோது, பயிர் மட்டுமன்றிக் கொடியிற் காயப்போட்ட துணியும் மிஞ்சவில்லை.

இவ்வாழ்விலே பிறந்த பாடல்கள் பெரும்பாலும் இரவல் மெட்டில் அமைந்தவை. விண்ணுலகை வாழ்த்தும் 'பியூலா லாண்ட்' என்ற தேவாலயப் பாடலின் மெட்டிலே, மழை பெய்யாத தம் நாட்டைப் பாடினார்கள். டக்கோட்டாவில் அது டக்கோட்டாவின் பாட்டு. நெப்ராஸ்காவில் நெப்ராஸ்காவின் பாட்டு. எல்லை கடந்து கனடாவுக்குச் சென்றதும் சஸ்காச்சவான் பாட்டாயிற்று. ஊர்ப்பெயர் மாறும், வறட்சி மாறாது! வில் ஹேஸ் என்பவர் 1871 இல் வெளியிட்ட மரக்குடிற் பாட்டொன்றை மண்குடிற் பாட்டாக்கி, தனியனாய்ச் சமைத்து உண்ணும் இளைஞனின் அவலத்தை நகைச்சுவையோடு பாடியதும் உண்டு.

அரசினரின் நில அலுவலகக் கோப்புகளைப் பாருங்கள். எத்தனை ஏக்கர் உழப்பட்டது, வீட்டின் அளவு என்ன, சாட்சிகள் யார் என்பவை அங்கே துலக்கமாக இருக்கும். ஆனால் ஐந்தாண்டு தாக்குப்பிடிக்க முடியாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவனுக்கு அக்கோப்பில் 'உரிமை நீங்கிற்று' என்ற ஒரு வரிதான். ஏன் போனான், போகும்போது என்ன நினைத்தான் என்பதைச் சொல்லப் பாட்டும் பழங்கதையுமன்றி வேறு சான்று அரிது. இக்குரல்களைப் பேண வேண்டுமென்று நான் சொல்வதற்கு முதற் காரணம் இதுவே. வென்றவர்க்குப் பத்திரம் இருக்கிறது. தோற்றவர்க்குப் பாட்டுத்தான் இருக்கிறது.

இதை உணர்ந்து உழைத்தவர்கள் இருந்தனர். நெப்ராஸ்காப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை லூயிஸ் பவுண்ட் அம்மையார், தம் மாநிலத்திற் பாடப்பட்ட பாடல்களின் விவரத் தொகுப்பை 1915 ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூல்நிலையம் 1928 இல் நாட்டார் பாடற் சேமகம் ஒன்றை நிறுவியது. 1933 இல் ஜோன் லோமாக்ஸ் என்பவர் அந்நூல்நிலையத்தின் சார்பில், 315 இறாத்தல் எடையுள்ள ஒலிப்பதிவுக் கருவியை மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு தென்மாநிலங்களுக்குப் புறப்பட்டார். கருவி இல்லாதவர்கள் பென்சிலோடு சென்றனர். 1936 முதல் 1940 வரை, வேலையிழந்த எழுத்தாளருக்கென அரசு வகுத்த திட்டத்தின்கீழ் முதியோரின் வாழ்க்கைக் கதைகள் எழுதப்பட்டன. அவற்றில் ஏறக்குறைய 2,900 கைப்பிரதிகள் அந்நூல்நிலையத்தில் உள்ளன. கதை கிடைத்தது, குரல் கிடைக்கவில்லை.

கனடாவிலே சஸ்காச்சவான் ஆவணச் சபையார் 1950களில் முதற் குடியேறிகளுக்கு வினாப் பத்திரங்கள் அனுப்பினர். பள்ளிக்கூடம், வழிபாடு, உடல்நலம், பொழுதுபோக்கு எனப் பலவற்றையும் பற்றிய வினாக்கள். எனக்கு அவற்றுட் பிடித்தது உணவைப் பற்றியது. போர்களையும் தேர்தல்களையும் பற்றி வினவினால், முதியவர் பத்திரிகையிற் படித்ததையே திருப்பிச் சொல்லுவார். முதற் குளிர்காலத்தில் என்ன உண்டீர்கள் என்று கேட்டாலோ, அவர் தம் தாயின் அடுப்படிக்கே போய்விடுவார். 1960களில் ரொபர்ட் கிளிமாஸ் என்னும் ஆய்வாளர், அதே புல்வெளியில் 1891 முதல் வந்து குடியேறிய உக்ரேனிய மக்களிடம் அவர்களுடைய மொழியிலே பாடல்களைப் பதிவு செய்தார். ஆங்கிலப் பாடல்களை மாத்திரம் திரட்டியிருந்தால், பிறந்த ஊரைப் பிரிந்து வந்தோரின் அப்புலம்பல் எவர் காதிலும் விழுந்திராது.

பதிவு செய்தாயிற்று, வேலை முடிந்தது என்று எண்ணுவோர் பலர். அங்கேதான் தவறு. பழைய மெழுகு உருளை இரண்டு முதல் நான்கு நிமிட ஒலியைத்தான் தாங்கும். ஊசி ஒவ்வொரு முறை ஓடும்போதும் சிறிது தேயும். ஈரம் பட்டாற் பூஞ்சணம் பிடிக்கும். பின்னர் வந்த இசைத்தட்டில், அலுமினியத்தின்மேற் பூசிய அரக்குப் போன்ற பூச்சு சுருங்கி வெடித்துப் பெயர்ந்துவிடுகிறது. போர்க் காலத்தில் அலுமினியம் கிடையாமற் கண்ணாடித் தட்டின்மேற் பூசினார்கள். கைதவறினால் முடிந்தது கதை. காந்த நாடாவிற் சிலவகை வினாகிரி நாற்றமெடுத்து முறுகும். 1970களில் வந்த சிலவகை பிசின்போல ஒட்டிக்கொள்ளும். அவற்றை இளஞ்சூட்டிற் பல மணி நேரம் வைத்தெடுத்து, ஒட்டாதிருக்கும் அச்சிறு காலத்துக்குள் பிரதி எடுக்கிறார்கள். இன்று கணினிக் கோப்பாக மாற்றுகிறோம். அதற்கும் ஒரே பிரதி போதாது. வெவ்வேறிடங்களில் வைத்து, காலத்துக்குக் காலம் சோதித்து, புதிய சாதனங்களுக்கு மாற்ற வேண்டும்.

இன்னுமொரு குறை, பொருளின் குறையன்று, மனிதரின் குறை. இசைத்தட்டு விலையுயர்ந்தது. ஆகவே பாட்டு முடிந்ததும் ஊசியைத் தூக்கிவிடுவது பல சேகரிப்பாளரின் வழக்கம். பாடியவர் மூச்சு வாங்கிக்கொண்டு, "இதை என் தகப்பனார் கிணறு வெட்டும்போது பாடுவார்" என்று சொல்லியிருந்தால், அந்த வார்த்தை காற்றோடு போயிற்று. பாடியவர் பெயர், ஊர், ஆண்டு, யாரிடம் கற்றார் என்பவை குறிக்கப்படாத தட்டை அழகாகப் பாதுகாத்தும் பயன் பாதியே.

யாருடைய குரல் யாரிடம் இருக்க வேண்டும் என்ற கேள்வியும் உண்டு. நெப்ராஸ்காவிற் குடியேறிகள் மண்வீடு கட்டி வாழ்ந்த அதே காலத்தில், ஒமாஹாக் குடியிற் பிறந்த பிரான்சிஸ் லா பிளஷ் என்னும் அறிஞர், அலிஸ் பிளெச்சர் அம்மையாருடன் சேர்ந்து, 1890களில் தம் மக்களின் பாடல்களை மெழுகு உருளைகளிற் பதித்தார். காங்கிரஸ் நூல்நிலையம் 1979 இல் தொடங்கிய உருளைத் திட்டத்தின் பயனாக, 1980களில் அவற்றின் பிரதிகள் ஒமாஹா மக்களிடமே திரும்பிச் சென்றன. ஒரே புல்வெளியின் இரு குரல்கள் அவை. ஒன்றை வைத்து மற்றதை விடுகின்ற சேமகம் பாதி நிலத்தைத்தான் சேமிக்கிறது.

ஹிக்லி வைத்தியரின் கதையில் ஒன்றை இன்னும் சொல்லவில்லை. லோமாக்ஸ் 1910 ஆம் ஆண்டில் வெளியிட்ட மாட்டிடையர் பாடல் நூலில் 'ஹோம் ஆன் த ரேஞ்ச்' இடம்பெற்றிருக்கிறது. அதனைச் சான் அந்தோனியோ நகரிற் சாராயக் கடை நடத்திய கறுப்பினத்தவர் ஒருவர் பாடக் கேட்டதாக அவர் கூறினார். நூலிலே ஆக்கியோன் பெயர் இல்லை. ஹிக்லி அப்பொழுது உயிரோடிருந்தார். ஒக்லஹோமா மாநிலத்திலே முதுமையிற் காலங்கழித்த அவர், அடுத்த ஆண்டு, 1911 இல் காலமானார்.